இரண்டு மாத வாடகை

தங்கைக்கு ஒரு அறை தேடிச் சம்பூர்ணம் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ரயிலேறியது, அந்த மாசி மாதத்தில் அது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை அவளுக்கு. முதல் இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் விட்ட மேஸ்திரி, மூன்றாம் நாள், "வேலூர்ல இன்னா, மாப்ள கீப்ள பாத்து வெச்சிருக்கியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான். சம்பூர்ணம் தாலியறுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கையிலிருந்த உலக்கையை அவள் கீழே வைக்கவில்லை.

"ஆமா மேஸ்திரி. உன்னியாட்டம் ஒருத்தன் கெடச்சிடக் கூடாதேன்னுதான் நல்லா தேடிக்கினு கீறேன்" என்றாள்.

பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் முழுக்க அவளுக்கு வந்ததெல்லாம் கோபம் ஒன்றுதான்.

தங்கை அமிர்தவள்ளிக்கு இருபத்துநாலு வயது. அவள் புருஷன் தேவசகாயம் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் மூச்சில்லாமல் பிறந்தன. மூன்றாவது வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது அமிர்தவள்ளியின் சேலையில் ரத்தம் கண்டது. ஆம்பூர் மருத்துவச்சி, "என்னால ஆவாது, பெரிய டாக்டரம்மாகிட்ட தூக்கிக்கினு போங்க" என்று கையை விரித்துவிட்டாள். வேலூர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகுநேரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நர்ஸ் அவர்களுக்குப் புரியும்படி சொன்னாள்.

"நஞ்சுக்கொடி கீழ எறங்கிக் கெடக்குது. எப்ப வேணும்னாலும் மறுபடி ரத்தம் போவும். அப்படிப் போனா கால் மணி நேரத்துக்குள்ள இவ இங்க இருக்கணும். ஆம்பூர்ல இருந்து ரயிலுக்குக் காத்துக்கினு நின்னீங்கன்னா புள்ளையும் இல்ல, பெத்தவளும் இல்ல."

வார்டில் கட்டில்கள் நோயாளிகளுக்கே போதாமல் இருந்தன. காத்திருக்கிறவர்கள் பக்கத்தில் எங்காவது தங்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஓர் அறை, அவ்வளவுதான் தேவை. சொந்தக்காரர்கள் சிலர் ஆற்றங்கரைச் சேரியில் இருந்தார்கள். ஆனால் அது இரண்டு மைலுக்கு அப்பால், ஜட்கா போகாத மண்பாதை. கால் மணியில் வந்து சேர முடியாது. தேவசகாயம் சேர்த்து வைத்ததையும் தன் வெள்ளிக் காப்பை விற்ற பணத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு, ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த தெருக்களில் சம்பூர்ணம் ஏறி இறங்கத் தொடங்கினாள்.

காலி வீடுகள் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் வாடகை என்ன என்று கேட்பதற்கு முன்பே உள்ளேயிருந்து, "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேள்வி வந்தது. சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. இன்னொரு வீட்டுக்காரர், "வருஷக் குடித்தனம்னா பேசலாம், ரெண்டு மாசத்துக்கு வெள்ளையடிக்கிற கூலிகூடக் கட்டாது" என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். ஒருத்தி எல்லாவற்றுக்கும் சம்மதித்து, அறையைத் திறந்து காட்டி, அடுப்பு எங்கே வைக்கலாம் என்பது வரைக்கும் சொல்லிவிட்டு, வரப்போகிறவள் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்ததும், "ஐயையோ, தீட்டு வீட்டுக்குள்ள ஆவாதும்மா" என்று பின்வாங்கினாள். வழக்குக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியில் நாளுக்கு எட்டணா கேட்டார்கள். சம்பூர்ணத்தின் கூலி நாளுக்கு மூன்றணா. ஒரு கிழவர் ஒன்றுமே கேட்கவில்லை. பட்டைச் சாயம் ஏறிப் பழுத்திருந்த அவள் உள்ளங்கைகளைப் பார்த்தார், துண்டை மூக்கருகே கொண்டு போனார், உள்ளே போய்விட்டார்.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அப்துல் கஃபார் வீட்டில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவர் தோல் தரகர், ஷாப்புக்கு அடிக்கடி வருகிறவர், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர். வேலூரில் அவருக்கு மாடி வைத்த வீடு இருந்தது. அவளை உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்துக் கொடுத்தார், தங்கையின் உடம்பைப் பற்றி விசாரித்தார்.

"மேல ரூம் காலியாத்தாம்மா இருக்குது. ஆனா ரம்ஜானுக்கு மருமகப்புள்ள வர்றாரே, இன்னா பண்றது?" என்றார்.

ரம்ஜான் போன மாதம்தான் முடிந்திருந்தது. ஷாப்பு மூன்று நாள் மூடியிருந்தது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் தெருமுனை வரை கூடவே வந்து, "யார்கிட்ட துட்டு குடுத்தாலும் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கம்மா" என்று அக்கறையாகச் சொன்னார். கதவைச் சாத்தினவர்கள்மேல் வந்ததைவிட அவர்மேல்தான் அவளுக்குக் கோபம் ஜாஸ்தியாக வந்தது. இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிட்டுப் போகட்டுமே, தேநீர் எதற்கு?

நாலாவது நாள், உச்சி வெயிலில், பச்சையப்பன் அகப்பட்டார். கோர்ட்டு உத்தரவோடு போய் ஜப்தி செய்து, வீடு காலி பண்ணவைக்கிற அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, நாட்டு ஓடு போட்ட ஐந்து அறைகள் வரிசையாக அவருக்குச் சொந்தம். எதிர்ச்சாரியில் அவர் வீடு. கடைசி அறை மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்தது.

"யாரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"கிறிஸ்துவங்க ஐயா. தங்கச்சி ஊட்டுக்காரர் ஆம்பூர்ல தோல் கம்பெனில வேலை."

"கம்பெனில கணக்கு எழுதறவரா?"

சம்பூர்ணம் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் தமக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டார். மற்ற நாலு அறைக்கும் வாடகை மூன்று ரூபாய். இவர்கள் இரண்டே மாதம் இருக்கப் போகிறவர்கள் என்பதால் ஐந்து ரூபாய். அதுவும் இரண்டு மாதத்துக்கும் முன்பணமாக. அவள் மறுபேச்சில்லாமல் பத்து ரூபாயை எண்ணி வைத்தாள். சீட்டு கேட்டாள். "படிக்கத் தெரியுமா உனக்கு?" என்று அவர் சிரித்தார். "தங்கச்சிக்குத் தெரியும் ஐயா" என்றாள். எழுதிக் கொடுத்தார்.

சம்பூர்ணமும் அமிர்தவள்ளியும் வந்து சேர்ந்த பிறகு ஒன்பது நாள் நன்றாகத்தான் போயிற்று. அறை சிறியது, ஜன்னல் இல்லாதது. ஆனாலும் ஆஸ்பத்திரி மணியடித்தால் கேட்கும். பின்கட்டுக் கிணற்றில் ஐந்து குடித்தனமும் தண்ணீர் சேந்தினார்கள். அடுத்த அறை மீனாம்பாள், கோர்ட்டுப் பியூன் பெண்சாதி, வாயாடி, கெட்டவள் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தாள். சம்பூர்ணத்தின் முறத்தை இரவல் வாங்கிப் போய் அரிசி புடைத்தாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் பெண்சாதியைப் பார்க்க வந்தான். அன்றைக்கு மீனாம்பாளின் தம்பியும் வந்திருந்தான். அவன் ஆம்பூரில் வெற்றிலைக்கடை வைத்திருக்கிறவன். வாசலில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். தேவசகாயம் பழக்கத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான். அவன் சாதி தெரிய அது போதுமாயிருந்தது.

மறுநாள் காலையில் சம்பூர்ணம் கதவைத் திறந்தபோது அவளுடைய முறம் தெருவில் கிடந்தது. கையால் கொண்டுவந்து வைத்ததல்ல. குச்சியால் தள்ளிவிட்டது மண்ணில் கோடாகத் தெரிந்தது. பின்கட்டில் பச்சையப்பன் நின்று கிணற்றில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"கிணத்தாண்ட வராதே!" என்று அங்கிருந்தே கத்தினார். "கணக்குப்புள்ளைன்னு சொல்லி ஏமாத்திப்புட்டியேடி. இன்னிக்கே காலி பண்ணு."

முந்தின நாள் வரை 'அம்மா' போட்டுப் பேசிய வாய் அது. ஆனாலும் இன்னும் சம்பூர்ணத்தின் குரலில் மரியாதை மிச்சமிருந்தது.

"நான் அப்படிச் சொல்லல ஐயா. நீங்களா நெனச்சுக்கினீங்க. காலி பண்றோம். பத்து நாள் வாடகையைப் புடிச்சுக்கினு மிச்சத்தைக் குடுங்க, வேற எடம் பாத்துக்கறோம்."

"மிச்சமா? கிணத்தைக் கெடுத்ததுக்கு நான்தான் உங்கிட்ட வாங்கணும்."

"துட்டு வராம நாங்க போவ மாட்டோம்."

"போவ மாட்டியா? ஊர்ல எத்தினி பேரை நான் வெளில இழுத்துப் போட்டிருக்கேன், தெரியுமா உனக்கு?"

"தெரியாது ஐயா" என்றாள் அவள். "எங்களை இழுத்துப் போடறப்ப தெரிஞ்சுக்கறேன்."

அன்றிலிருந்து தண்ணீருக்குப் பாலாறு. வறண்ட மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும்வரை உட்கார்ந்திருந்து, அகப்பையால் மொண்டு நிரப்பி, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகச் சுமந்து வர ஒரு நடைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரமும் தங்கை தனியாகக் கிடக்கிறாளே என்ற பயத்தில் மணலில் ஓடினாள். பின்கட்டுக் கிணறு கதவுக்குப் பத்தடியில் இருந்தது. ராட்டினம் கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டாள். பச்சையப்பன் வீட்டுச் சுவரில் தீண்டாமை ஒழிப்புக் கூட்டத்துக்கு எல்லாரும் திரண்டு வரச் சொல்லும் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. யாரோ ஒட்டிவிட்டுப் போனது. அமிர்தவள்ளி அதைப் படித்துச் சொன்னபோது, "கூட்டத்துல தண்ணி குடுப்பாங்களான்னு போட்டிருக்குதா பாரு" என்றாள் சம்பூர்ணம்.

அடுத்த ஞாயிறு தேவசகாயம் அழுதான்.

"என்னாலதான் அக்கா எல்லாம். ஆம்பூருக்கே போய்டலாம். கர்த்தர் விட்ட வழி."

"கர்த்தர் இந்த ஊட்டுக்கு வாடகை குடுக்கல, நான் குடுத்தேன்" என்று சீறினாள். "நீ எதுக்குடா துண்டை எடுத்தே? ரோட்டுல வெத்தலைக்காரன் வந்தா உனுக்கு இன்னா?"

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது. அவன் தலை தொங்கிவிட்டது. முப்பது வருஷமாக அந்தத் துண்டு தானாகவே இறங்கிக்கொண்டிருக்கிறது. அவன் எடுத்தானா, அது இறங்கிற்றா என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, பாலாற்றிலிருந்து திரும்பி வந்த சம்பூர்ணம் தெருமுனையிலேயே சத்தத்தைக் கேட்டாள். ஓடும் ஓடும் உரசுகிற சத்தம். மூங்கில் ஏணி ஒன்று அவர்கள் அறைச் சுவரில் சாத்தியிருந்தது. கூரைமேல் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து ஓடுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். எதிர்ச்சாரி வீட்டு வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு பச்சையப்பன் நின்று, "அந்தச் சரத்தையும் எடுடா காசி" என்று வேலை ஏவிக்கொண்டிருந்தார்.

அவள் குடங்களோடு உள்ளே ஓடினாள். கட்டில் அளவுக்கு ஒரு சதுரம் வானம் தெரிந்தது. நேர் கீழே பாயில் அமிர்தவள்ளி எழுந்திருக்க முடியாமல் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தாள். தலைமயிர் முழுக்க ஒட்டடையும் ஓட்டுத் தூளும். முகத்தில் வெயில். ஒரு கையால் வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓடு மேல விழுந்துடுமோன்னு..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உதடு கோணியது.

அடுத்த அறைக் கதவிடுக்கிலிருந்து மீனாம்பாளின் குரல் கேட்டது: "வெயில் படுதே, பாவம், புள்ளத்தாச்சி." கதவு அதற்குமேல் திறக்கவில்லை. அந்தப் பாவமும் சம்பூர்ணத்தின் நெஞ்சில் கங்காக விழுந்தது.

குடங்களை இறக்கி வைத்தாள். தங்கையை அறையின் மறு மூலைக்கு நகர்த்தி உட்காரவைத்தாள். வெளியே வந்தாள். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரிலிருந்து பிரித்து, அப்படியே இழுத்து வந்து, தங்கள் வாசலுக்குக் குறுக்கே கிடத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏய்! ஏணியை எடுத்து வைடி!" பச்சையப்பன் குடையை மடக்கிக்கொண்டு வேகமாக வந்தார். ஏணிக்கு நாலடி தூரத்தில் அவர் கால் தானாக நின்றது.

"வந்து எடுத்துக்க" என்றாள் சம்பூர்ணம்.

நீங்கள் போய் நீ வந்துவிட்டதை அவளே கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். முகம் கறுத்தது.

"யாருகிட்ட பேசறே?"

"உங்கிட்டத்தான். வா. ஏணியைப் புடிச்சு இழு. நான் உக்காந்திருக்கிற ஏணி. என் மேல கை வெச்சுத் தள்ளிட்டு எடு. தொடேன், பாக்கலாம்!"

அவர் தொடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மற்றக் குடித்தனக்காரர்கள் வாசற்படி வரை வந்து, அதோடு நின்றுகொண்டார்கள். தெருவில் போன ஒரு ஆளைக் கூப்பிட்டு ஏணியை எடுக்கச் சொன்னார். அவன் ஏணியையும் அதன்மேல் இருந்தவளையும் பார்த்துவிட்டு, "பொம்பள விவகாரம் சாமி" என்று நடையைக் கட்டினான். கொஞ்சம் தள்ளியிருந்த வீட்டில் வேறு ஏணி கேட்டு ஆள் அனுப்பினார். "கொண்டு வந்தா அதையும் புடிச்சு இழுத்து உக்காந்துக்குவேன். அப்புறம் அந்த ஏணியை அவங்க வீட்டுக்குள்ள எப்படி எடுத்துக்கினு போவாங்கன்னு கேட்டுக்க" என்று சம்பூர்ணம் தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அந்த வீட்டுக்காரர் ஏணி உடைந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

"போலீஸைக் கூப்பிடறேன்!"

"கூப்பிடு. ரெண்டு மாச வாடகை வாங்கிக்கினேன்னு நீ எழுதிக் குடுத்த சீட்டு எங்கிட்ட கீது. ஓட்டைப் பிரிக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டு ஆர்டர் போட்டுச்சுன்னு நீ காட்டு. நீதான் அமீனாவாச்சே, உன்கிட்ட இல்லாத காயிதமா?"

எத்தனையோ வீட்டு வாசலில் காகிதத்தை நீட்டி நின்றவர். இன்றைக்குக் கையில் குடைதான் இருந்தது.

அதற்குள் பங்குனி வெயில் ஏறிவிட்டது. கூரைமேல் இருந்தவனுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை.

"தாயி, ஏணியை வை தாயி. ஓடு காயுது, கால் வைக்க முடியல. முட்டி வேற வலி, குதிக்க முடியாது."

சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். "நீ எந்தத் தெரு?"

"ஆத்தங்கரைச் சேரி."

அவள் எழுந்து நின்றாள். ஒரு கால் ஏணிமேலேயே இருந்தது.

"சேரிக்காரன் கால் இவங்க தலைக்கு மேல ஓட்டுல நடக்கலாம். சேரிக்காரி கை கிணத்துக் கயிறைத் தொட்டா மட்டும் குடம் குடமா மஞ்சத்தண்ணி. உன்னை மேல ஏத்தினப்ப உன் ஜாதி எங்கடா போச்சு? கீழ ஒரு புள்ளத்தாச்சி படுத்துக் கெடக்கிறது கண்ணுக்குத் தெரியலியா உனுக்கு? உன் ஊட்டுல பொம்பளைங்க இல்ல?"

"கூலிக்கு வந்தவன் தாயி. உள்ள யார் கீறாங்கன்னு சொல்லல."

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல. பிரிச்ச ஓட்டை மாட்டு. கடைசி ஓடு மாட்டினப்புறம் ஏணி வரும்."

"மாட்டாதடா!" பச்சையப்பன் கத்தினார். "மாட்டினா கூலி கெடையாது!"

காசி ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றான். இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்துக் காலடியில் போட்டு அதன்மேல் குந்தினான்.

"கூலியை நீயே வெச்சுக்க சாமி. என் கால் வேவுது" என்று முதல் ஓட்டை எடுத்தான்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் பச்சையப்பன் வெயிலில் நின்று திட்டிக்கொண்டிருந்தார். குடையை விரிக்க மறந்துவிட்டார். சம்பூர்ணம் ஏணிமேலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்ப் பார்த்து, வானம் தெரியவில்லை என்று ஆன பிறகுதான் ஏணியைச் சாத்தினாள். காசி இறங்கி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பாலாற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவன் ஏதோ சொல்ல வந்தான்.

"ஒண்ணும் சொல்லாதே. போய்ட்டு வா" என்றாள்.

அவன் நேரே பச்சையப்பனிடம் போனான். பிரித்ததற்காவது பாதிக் கூலி கொடு என்று அவன் கேட்டதும், இவர் மறுத்ததும், அந்தச் சண்டை தெருக்கோடி வரைக்கும் போனதும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் அமிர்தவள்ளியின் தலையிலிருந்து ஒட்டடையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு பச்சையப்பன் அந்தப் பக்கம் வரவில்லை. கிணற்றைத் திறந்துவிடவும் இல்லை. அவள் பாலாற்றுக்கு நடந்தபடியே இருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் விடிகிற நேரத்தில் ரத்தம் வந்தது. வயிற்று வலி இல்லை. வெதுவெதுப்பாக ஏதோ நனைகிறது என்று கண்விழித்த அமிர்தவள்ளி பாய் முழுக்கச் சிவப்பைப் பார்த்தாள். ஜட்காவுக்கு நிற்க நேரமில்லை. சம்பூர்ணம் தங்கையை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு இரண்டு தெருவையும் ஓடினாள். பட்டை மூட்டை சுமந்த உடம்பு அது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வாங்கிக்கொண்டபோது அவள் சேலை மார்பிலிருந்து முழங்கால் வரை நனைந்திருந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. சிறியதாக, சுருங்கிப்போய், ஆனால் வெளியே வந்ததும் கத்தியது. அந்தச் சத்தம் தாழ்வாரத்தில் இருந்த சம்பூர்ணத்துக்குக் கேட்டது.

"கொஞ்சம் லேட் ஆயிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும். எங்க தங்கியிருந்தீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

இரண்டு தெரு தள்ளி என்றாள் சம்பூர்ணம். நல்ல இடமாகப் பார்த்தீர்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா வார்டிலிருந்து அனுப்பினாள். ஆனால் தையல் போட்ட இடத்தை அடுத்த வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும், அதற்குள் ரயில் பயணம் கூடாது என்றாள். இரண்டு மாதத்தில் இன்னும் ஐந்து நாள் மீதியிருந்தது. குழந்தையோடு அதே அறைக்குத் திரும்பினார்கள். தீட்டு என்று பச்சையப்பன் எதிர்ச்சாரியிலிருந்து முனகினது கேட்டது. யாரும் கிட்டே வரவில்லை.

கடைசி நாள் தேவசகாயம் முதல் ரயிலிலேயே வந்து, ஜட்காவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். டாக்டரம்மா முந்தின நாளே பார்த்துப் போகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, வெயிலுக்கு முன்னாடி, ஜனம் நடமாடறதுக்கு முன்னாடி கெளம்பிடலாம்."

"ஏன்? திருடிக்கினா போறோம்?" சம்பூர்ணம் ஜட்காக்காரனைப் பார்த்து, "சாயங்காலம் வாப்பா, விளக்கு வெக்கிற நேரத்துக்கு. இன்னிப் பொழுது வரைக்கும் எங்க வாடகை" என்றாள்.

எட்டு மணிக்குப் பச்சையப்பன் ஒரு வேலைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். துடைப்பம், சாணித் தண்ணீர் வாளி, மஞ்சள் கரைத்த குடம் எல்லாம் தயாராக இருந்தன. இவர்கள் வெளியேறிய உடனே கழுவிவிட வேண்டும் என்று அவசரம் அவருக்கு.

"எப்ப கெளம்பறாங்கன்னு கேளு" என்று வேலைக்காரியிடம் சொன்னார். நேரே அவளோடு பேசுவதில்லை என்று வைத்திருந்தார்.

"சாயங்காலம்னு சொல்லு" என்றாள் சம்பூர்ணம், அவளும் வேலைக்காரியிடமே.

அடுப்பைப் பற்றவைத்தாள். கருவாட்டை எடுத்துக் கழுவி, புளியைத் தாராளமாகக் கரைத்து, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். வாசனை வரிசை முழுக்கப் போயிற்று. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு ரசம் தனியாக வைத்தாள். மூவரும் நிதானமாகச் சாப்பிட்டார்கள். தேவசகாயத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கண் வாசலிலேயே இருந்தது. "சாப்பிடுடா. உன் சோறு, உன் ஊடு" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். பாத்திரங்களைக் கழுவினாள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள், அதே பாலாற்றுத் தண்ணீரில். பிறகு அறையைப் பெருக்கிவிட்டு, வாசலுக்கு நேரே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

தூங்கவில்லை. எதிரே வெயிலில் வாளிச் சாணித் தண்ணீரில் ஈ மொய்ப்பதையும், பச்சையப்பன் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பதையும் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மீனாம்பாள் ஒரு தடவை வாசல்வரை வந்தாள், பாயில் கிடந்த குழந்தையை எட்டிப் பார்த்தாள், முகம் மலரப் பார்த்தது. சம்பூர்ணத்தின் கண்ணைச் சந்தித்ததும் உள்ளே போய்விட்டாள். வா என்று சம்பூர்ணம் கூப்பிடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஜட்கா வந்தது. மூட்டை, குடங்கள், முறம் எல்லாம் ஏற்றினார்கள். அமிர்தவள்ளியைத் தேவசகாயம் தாங்கி உட்காரவைத்தான். சம்பூர்ணம் கடைசியாக ஏறி, பின்பக்கம் பார்த்தபடி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். வண்டி நகர்வதற்குள் வாளித் தண்ணீர் வாசலில் சளாரென்று விழுந்தது. இரண்டு துளி அவள் பாதத்தில் தெறித்தது. துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், தெரு திரும்பும் வரைக்கும்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பாலாற்றுப் பாலத்தில் காற்று வீசியது. குழந்தை பால் குடித்துவிட்டு உறங்கிப்போயிருந்தது. பெண்சாதியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த தேவசகாயம், பாதிரியாரிடம் சொல்ல வேண்டுமே என்று மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, கொழந்தைக்கு இன்னா பேர் வெக்கலாம்? நீதான் சொல்லணும்."

"இப்ப எங்கிட்ட ஒண்ணும் கேக்காதடா" என்றாள் சம்பூர்ணம். பல் இன்னும் கடித்தபடியே இருந்தது. "ஊருக்குப் போய்ச் சேந்தப்புறம் கேளு." பிறகு ஜட்காக்காரன் பக்கம் திரும்பி, "பள்ளம் பாத்து மெதுவா ஓட்டுப்பா, தையல் போட்ட ஒடம்பு" என்றாள்.